பொம்மை ஊரில் ஓர் அக்கா

அந்த இடத்துக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. நுழைவாயிலில் கருங்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு அது பொம்மை ஊர்தான். பஸ் கண்டக்டரும் "பொம்ம ஊரெல்லாம் எறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார்.

டெல்டாவில் இடிபடவிருந்த பழைய வீடுகளை யாரோ ஒரு பணக்காரர் வாங்கி, தூண் தூணாக, ஓடு ஓடாகப் பிரித்து லாரியில் ஏற்றி வந்து, தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்புக்குள் மறுபடி நிறுத்தியிருக்கிறார். ஒரு தெரு, ஒரு கொல்லன் பட்டறை, ஒரு செக்கு, புதிதாக வெட்டிப் படிக்கட்டு வைத்த ஒரு குளம். வீடுகள் மட்டும் என்றால் யாரும் அவ்வளவாக வந்திருக்க மாட்டார்கள். அங்கே ஆட்களும் இருந்தார்கள். காலையில் டூவீலரில் வேலைக்கு வந்து, பேண்டையும் சுடிதாரையும் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியும் கண்டாங்கிச் சேலையும் கட்டிக்கொண்டு, சாயங்காலம் வரை அந்தக் காலத்து ஊராக நடமாடுவார்கள். நாம் தெருவில் நடந்தபடி பார்க்கலாம், பேச்சுக் கொடுக்கலாம். இன்றைய சங்கதி எதையும் மட்டும் அவர்கள் பேச மாட்டார்கள். அது அங்கே வேலை விதி.

நாங்கள் முதலில் போனது ஒரு கத்திரி வெயில் நாள். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். கோடை விடுமுறை முடிவதற்குள் எங்காவது கூட்டிப் போ என்று மகள் நச்சரித்துக்கொண்டிருந்தாள். கணவர் காரை எடுத்தார். அம்மாவையும் கூட்டிக்கொண்டோம். முந்தின வருஷம் அப்பா போனதிலிருந்து அம்மா எங்களோடுதான் இருந்தாள். எழுபதைத் தாண்டியவள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் பேசிய வார்த்தைகள் "சரி", "வேணாம்", "சாப்புட்டேன்" என்ற அளவில்தான் இருந்தன. வெளியே வருகிறாயா என்று கேட்டதற்கும் "சரி" என்றாள்.

ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. உளுந்து பறித்து முடித்த வயல்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. தோப்புக்குள் நுழைந்தபோது உச்சி வேளை. எங்களைத் தவிர அன்றைக்கு வேறு யாரும் வந்திருக்கவில்லை.

பட்டறையில் இருந்த கொல்லரிடம் என் மகள் முதலில் வேலையைக் காட்டினாள்.

"இங்க வைஃபை பாஸ்வேர்டு என்னங்க?"

அவர் சுத்தியலை இறக்கிவிட்டு யோசித்தார். "அது எந்தப் பக்கத்து ஊரு தங்கச்சி?" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை.

"சரி, இது எந்த வருஷம்?"

"என்ன பாப்பா கேக்குற, இந்த வருஷந்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி இரும்பைத் தட்டினார்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் தெருவில் போகப் போக எனக்கு ஒன்று உறுத்தியது. நாங்கள் நெருங்கும்போது ஒரு வீட்டில் உலக்கைச் சத்தம் கேட்கும். தாண்டிப் போனதும் நின்றுவிடும். அடுத்த வீட்டில் முறம் புடைக்கும் சத்தம் தொடங்கும், நாங்கள் கடந்ததும் அதுவும் அடங்கும். ஆள் இல்லாதபோது ஓய்வெடுக்கிறார்கள், வேறென்ன என்று கணவர் சொன்னார். சரியான காரணம்தான். இருந்தாலும் முதுகுக்குப் பின்னால் ஒரு தெரு நம்மைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதை நினைத்தால் நடை வேகமாகிவிடுகிறது.

தெருக்கோடியில் ஒரு பெரிய வீடு. மிராசுதார் வீடு என்று பலகை எழுதியிருந்தார்கள். உள்ளே முற்றத்தில் மட்டும் வெயில் நெட்டாக விழுந்து கண்ணைக் கூச வைத்தது. சுற்றிலும் கூடம் இருட்டு. ஒரு தூணோரமாகப் பாயில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாவாடை தாவணி. படிப்பை முடித்துவிட்டு முதல் வேலையில் சேர்ந்திருக்கும் வயது. எதிரே சீப்பு, எண்ணெய்க் கிண்ணம், வாழை இலைத் துண்டில் கனகாம்பரம். அந்த வீட்டின் மூத்த மகளாக இருப்பது அவள் வேலை. சின்னப் பெண்கள் வந்தால் தலைவாரிப் பூ வைத்து அனுப்புவாள். என் மகளுக்குக் கழுத்தளவு முடி. "எனக்கு வேணாம்ப்பா" என்று அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அந்தப் பெண் எங்களைப் பார்த்து முறையாகப் புன்னகை செய்தாள். பிறகு அவள் பார்வை எங்களைத் தாண்டி நிலைவாசலுக்குப் போனது. அங்கே அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"வா" என்றாள் அந்தப் பெண். "எவ்ளோ நேரம்?"

எனக்குச் சுருக்கென்றது. வயதானவளைப் பார்த்து வா போ என்கிறாளே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டாள்.

"வந்துட்டேன்க்கா."

செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். எங்களைக் கடந்து போய் அந்தப் பெண்ணுக்கு முதுகைக் காட்டிப் பாயில் உட்கார்ந்தாள். முட்டி வலி என்று நாற்காலி தேடுகிறவள், சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து முடியை முதுகில் விட்டாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான்தான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.  போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போன கணவர் என்ன நினைத்தாரோ, பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் எண்ணெயில் விரலைத் தொட்டாள்.

"இறுக்கிப் போடாதக்கா. நேத்து பூரா தலைவலி" என்றாள் அம்மா.

"அசையாம இரு. அசைஞ்சா வகிடு கோணிக்கும். ரெட்டை சடையா, ஒத்தை சடையா?"

"நீ என்னைக்கு எனக்கு ஒத்தை சடை போட்டுருக்க?"

அம்மாவிடமிருந்து நான் அதுவரை கேட்டிராத குரல் அது. சிணுங்கல். என் மகள் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

திரும்பி வரும்போது அம்மா பின் சீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எலிவால் மாதிரி இரண்டு நரைச் சடைகள் தோளுக்கு முன்னால் கிடந்தன. இரண்டிலும் கனகாம்பரம். அப்பா போன பிறகு பூவைக் கையாலும் தொடாதவள், அவிழ்க்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அன்றைக்கு முழுதும் அவிழ்க்கவில்லை.

அம்மாவுக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். முத்துப்பேட்டை போகும் பாதையில் இருந்த அவர்கள் ஊரில், கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம், குளத்தில் வழுக்கி விழுந்து செத்துப் போனாள். அம்மா அப்போது சின்னப் பெண். வழுக்கி விழுந்தாள் என்பது வீட்டில் சொன்னது. ஊரில் வேறு மாதிரியும் பேசினார்கள் என்று ஒரு சித்தி எப்போதோ வாய் தவறிச் சொல்லியிருக்கிறாள். அந்த அக்காவுக்குப் புகைப்படம் எதுவும் இல்லை. அவளை நேரில் பார்த்தவர்களில் அம்மாவைத் தவிர இப்போது யாரும் உயிரோடு இல்லை. ஆகவே பொம்மை ஊர்ப் பெண் அவளைப் போல இருந்தாளா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா குளித்து, சேலை மாற்றி, கூடத்தில் தயாராக உட்கார்ந்திருந்தாள். "அங்க போலாமா?" என்றாள். அப்பா போன பிறகு அவளாகக் கேட்ட முதல் விஷயம் அது. கூட்டிப் போனேன். அதற்கு அடுத்த வாரமும் போனேன். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது.

எனக்கு அதில் சந்தோஷம்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அம்மா பேசத் தொடங்கியிருந்தாள். காரில் பேசினாள், சாப்பிடும்போது பேசினாள். அந்தப் பெண்ணும் நல்ல மாதிரி. பக்கத்துக் கிராமத்தில் வயல் வேலை செய்த குடும்பம், பி.காம். முடித்தவள். ஒருமுறை வேறு பார்வையாளர்கள் யாரும் இல்லாதபோது மெதுவாக என்னிடம் சொன்னாள்: "எங்க ஆளுங்கள இந்த மாதிரி வீட்டுல கொல்லப்பக்கத்தோட நிறுத்திருவாங்களாம் மேடம். இப்பப் பாருங்க, நான் இந்த வீட்டு மூத்த மவ." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு அம்மா பாயிலிருந்து சொன்னாள்: "அக்கா அப்படிச் சிரிக்க மாட்டா. புறங்கையால வாய மூடிக்குவா."

அந்தப் பெண் புறங்கையால் வாயை மூடிச் சிரித்துக் காட்டினாள்.

இப்படித்தான் அது வளர்ந்தது. அக்கா ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித்தான் உட்காருவா. அக்கா யோசிச்சா கீழுதட்டக் கடிப்பா. அக்கா கூப்புட்டா திரும்ப மாட்டா, "ம்" மட்டும் கொட்டுவா. வாரா வாரம் ஒன்று. அந்தப் பெண் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டாள். அங்கே பொறுப்பில் இருந்த மேலாளருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. "இதெல்லாம் எந்தப் புஸ்தகத்துலயும் கெடைக்காதுங்க" என்றார். எங்களுக்கு வாசலில் எந்தக் கேள்வியும் இல்லாமல் போனது.

ஒரு ஞாயிறு அந்தப் பெண் பூத் தொடுத்துக்கொண்டே ஏதோ முனகினாள். பாட்டென்று சொல்ல முடியாது, மூன்று நாலு சுரத்தில் ஏறி இறங்கும் ஒரு முனகல். பாதியில் அவள் நிறுத்த, மீதியை அம்மா முனகி முடித்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா புன்னகைத்தாள். அந்தப் பெண் புன்னகைக்கவில்லை.

வீட்டிலும் ஒன்று நடந்தது. நான் சமையலறையில் இருந்தபோது அம்மா வாசற்படியில் நின்று, "போயிட்டு வரட்டுமா? அக்கா தேடுவா" என்று என்னிடம் அனுமதி கேட்டாள். அன்றைக்குப் புதன்கிழமை.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் தேதி கேட்டார், கிழமை கேட்டார், முதலமைச்சர் யார் என்று கேட்டார், கழித்தல் கணக்குப் போடச் சொன்னார். அம்மா ஒன்றிலும் தடுமாறவில்லை. கடைசியில் அவர், "அந்தப் பொண்ணு யாரும்மா?" என்று கேட்டார்.

அம்மா அவரைப் பாவமாகப் பார்த்தாள். "அது எங்க அக்கா இல்லன்னு எனக்குத் தெரியாதா டாக்டர்? அங்க வேலை பாக்குற பொண்ணு. இந்த ஊரு காலேஜுல படிச்சவ."

"அப்புறம் ஏன் அக்கான்னு கூப்புடுறீங்க?"

"கூப்புட்டா 'ம்'ங்கிறால்ல?"

ஞாபகத்துக்கு ஒன்றும் குறைவில்லை, தூக்கம் வர மாத்திரை தருகிறேன் என்றார் டாக்டர். மறதி நோய் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பிடிமானம் கிடைத்திருக்கும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, அம்மா கூடத்தில் கண்ணயர்ந்திருந்த நேரம், அந்தப் பெண் என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். பின்கட்டு வழியாக வெளியே வந்து, பணியாளர்களின் வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். அங்கே வந்ததும் இடுப்பிலிருந்து செல்போனை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். யாருக்கும் பேசவில்லை. பிடித்துக்கொண்டால் போதும் என்பது போல வைத்திருந்தாள். மணிக்கட்டில் புதிதாக ஒரு கறுப்புக் கயிறு.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாவ இனிமே கூட்டிட்டு வராதீங்க."

"ஏம்மா? ஏதாவது சொல்லிட்டாங்களா?"

"அவங்க சொல்றது பிரச்சன இல்ல. அவங்க சொல்லாததும் வருது. அந்தப் பாட்டு எனக்கு யாரும் சொல்லித் தரல. மொத நாளு அவங்கள 'வா'ன்னு கூப்புட்டேனே, நான் யாரையும் அப்படிக் கூப்புட்டதில்ல. வாங்கன்னுதான் சொல்லணும்னு எங்களுக்கு ட்ரெயினிங். வாய்ல எப்படி வந்துச்சுன்னே தெரியல." செல்போனைக் கை மாற்றிக்கொண்டாள். "வீட்டுலயும் கால மடக்கித்தான் உக்காருறேனாம். எங்கம்மா கூப்புட்டா திரும்பாம 'ம்'னு மட்டும் சொல்றேனாம். அம்மா பயந்துபோயி நாகூருக்குக் கூட்டிட்டுப் போயி ஓதிக் கயிறு கட்டிட்டு வந்துச்சு. மிராசு வீட்டுப் பொண்ணு நமக்கு எதுக்குடின்னு அழுவுது."

ரொம்ப நாள் ஒரே மாதிரி நடித்தால் பழகிவிடும், அவ்வளவுதான் என்று நான் சொன்னேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொன்னேன்.

"அது சரி மேடம். ஆனா மத்தியானம் ஆனா எனக்குக் காலு கொளத்துப் பக்கம் போவுது. நெனச்சுப் போறதில்ல. தண்ணி கொண்டாரப் போற மாதிரி எந்திரிக்கிறேன், பாத்தா கொளத்துப் படியில நிக்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது." என் முகத்தைப் பார்த்தாள். "அவங்க அக்கா எப்படி மேடம் செத்தாங்க?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த வெயிலில் எனக்குப் பொய் எதுவும் தோன்றவில்லை.

"குளத்துல" என்றேன்.

 அவள் செல்போனை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு, தாவணியைச் சரிசெய்துகொண்டு, அந்த இருட்டுக் கூடத்துக்குத் திரும்பி நடந்தாள். அவளுக்கு வேலை நேரம் இன்னும் பாக்கி இருந்தது.

அதற்குப் பிறகு நான் அம்மாவைக் கூட்டிப் போகவில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இருக்கிறது, காரில் ஏசி ஓடவில்லை என்று ஏதேதோ சொன்னேன். அம்மா தகராறு செய்யவில்லை. "சரி" என்றாள். பழைய "சரி" திரும்பிவிட்டதே என்று வருத்தப்பட்டேன். அதை நம்பி இருந்துவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆனி பிறந்து, மேட்டூர் திறந்து, ஆற்றில் தண்ணீர் வந்த சமயம். பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளைக்கு மணி அடிக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் போன் செய்தார்கள். "ஒங்க அம்மா வெளிய கெளம்பிப் போனாங்களே, எங்கன்னு கேட்டதுக்கு 'வந்துர்றேன்'னுட்டுப் போனாங்க. சாவிய எங்கிட்டத்தான் குடுத்திருக்காங்க."

எங்கே என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தலைமை ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். ஆற்றங்கரைச் சாலை முழுதும் ஒரு பக்கம் செந்நிறத் தண்ணீர் கூடவே ஓடி வந்தது. மணலாய்க் கிடந்த இடம் அது என்பதை நம்ப முடியவில்லை.

பொம்மை ஊரில் அன்றைக்கும் கூட்டம் இல்லை. என்னைப் பார்த்ததும் கொல்லர் தட்டத் தொடங்கினார். பெரிய வீட்டுக் கூடத்தில் பாய் மட்டும் விரித்துக் கிடந்தது. நான் குளத்துக்கு ஓடினேன்.

மேல்படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வெளியே உட்கார வைத்த குழந்தை மாதிரி. நல்ல வெயில். குளத்தில் யாரும் இல்லை. நடுவிலும் இல்லை, ஓரத்திலும் இல்லை. கீழ்ப்படிக்குப் பக்கத்தில் மட்டும் தண்ணீரில் வளையம் வளையமாக அலை விரிந்துகொண்டிருந்தது.

"அவ எங்கேம்மா?"

"உள்ள போயிருக்கா." அம்மா தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்னைய இங்கயே உக்காரச் சொன்னா."

வளையங்கள் கரையைத் தொட்டு அடங்கின. தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதில் தென்னை மரங்கள் தலைகீழாக அசையாமல் நின்றன. அந்த அமைதியை நான் இன்னும் மறக்கவில்லை. செருப்போடு படி இறங்கிக்கொண்டே "அம்மா! அம்மா!" என்று கத்தினேன். யாரைக் கூப்பிட்டேன், எதற்காகக் கூப்பிட்டேன் என்று தெரியாது. பயத்தில் வேறு சொல் வரவில்லை.

தண்ணீர் உடைந்தது. அந்தப் பெண் எழுந்து நின்றாள். மார்பளவு ஆழம்தான். முடி முகத்தை மூடியிருந்தது. மூச்சு வாங்காமல் அப்படியே நின்றாள்.

என் தலைக்கு மேலே அம்மாவின் குரல் கேட்டது. கெஞ்சல் இல்லை, அழுகை இல்லை. ரொம்ப நாளாகக் கேட்க வைத்திருந்ததைக் கேட்கிற குரல்.

"ஏன்க்கா போன?"

"போவலடி" என்றாள் அந்தப் பெண். "காலு வழுக்கிருச்சு. பாசி."

சற்றுப் பொறுத்து, "எந்திரி. வீட்டுக்குப் போ" என்றாள்.

அம்மா எழுந்தாள். சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். குளத்தைத் திரும்பிப் பார்க்காமல் தோப்பு வழியாக வாசலை நோக்கி நடந்தாள்.

நான் இறங்கி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துப் படியில் உட்கார வைத்தேன். குடித்த தண்ணீரை வாந்தி எடுத்தாள். பல் கிட்டிக்கொண்டு உடம்பு ஆடியது. என் முந்தானையால் தலையைத் துவட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளால் பேச முடிந்தது. அம்மா என்னிடம் ஒரு நாளும் சொல்லாததை அவளிடம் அன்றைக்குச் சொல்லியிருந்தாள். குளத்துக்குக் குளிக்கப் போன அக்கா, நான் வர்ற வரைக்கும் இங்கயே உக்காரு, எந்திரிக்காத என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறாள். அம்மா எழுந்திருக்கவில்லை. வெயில் சாய்ந்து ஆட்கள் தேடி வரும் வரை அதே படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"யாரும் அவங்கள எந்திரின்னு சொல்லவே இல்லியாம் மேடம். தூக்கிட்டுத்தான் போனாங்களாம். ஒரே ஒரு தடவ உள்ள போயிட்டு வான்னு கேட்டாங்க. முடியாதுன்னுதான் சொன்னேன். எனக்குத் தண்ணின்னா பயம். ஆனா படியில காலு வெச்சப்ப பயமே இல்ல. அதான் இப்ப நெனச்சா பயமா இருக்கு." கறுப்புக் கயிற்றைத் தடவிக்கொண்டாள். "முங்குனேன். உள்ள சத்தமே இல்ல. வெளிய வரணும்னே தோணல. அப்ப நீங்க அம்மான்னு கத்துனீங்க. எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு."

"வழுக்கிருச்சுன்னு ஏன் சொன்ன?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியா சொன்னேன்?" என்றாள். தாவணி நுனியைப் பிழிந்துகொண்டே, "சொல்லியிருந்தா நல்லதுதான மேடம்" என்றாள்.

நான் கீழ்ப்படியைத் தொட்டுப் பார்த்தேன். சொரசொரப்பான புதுக் கருங்கல். தினமும் காலையில் தேய்த்துக் கழுவுகிறார்கள். பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. அந்தக் குளத்தில் பாசி இருக்க வழியே இல்லை.

வாசலில் அம்மா ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பசிக்கிறது என்றாள். வழியில் ஒரு கடையில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். சட்னி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்றோடு அது நின்றது. அம்மா பிறகு அங்கே போக வேண்டும் என்று கேட்கவே இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்குகிறாள். மாத்திரை எப்போதோ நிறுத்தியாயிற்று. பேச்சு குறையவில்லை. அப்பாவைப் பற்றிப் பேசுகிறாள், சீரியலைப் பற்றிப் பேசுகிறாள். அந்தப் பெண் அந்த மாதமே வேலையை விட்டுவிட்டாள். இப்போது திருவாரூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். பொங்கலுக்கு வாட்ஸாப்பில் வாழ்த்து அனுப்புவாள். நானும் அனுப்புவேன். அதற்கு மேல் இரண்டு பேரும் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை.

போன மாதம் என் மகளைப் பள்ளியிலிருந்து சுற்றுலா கூட்டிப் போனார்கள். எந்த இடம் என்று முன்கூட்டிச் சொல்லாமல் கூட்டிப் போய்விட்டார்கள். சாயங்காலம் வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்.

"அம்மா, பொம்மை ஊர்ல அந்தப் பெரிய வீட்டுக்கு வேற அக்கா வந்துருக்காங்க. அவங்களும் ஒரு கால மடக்கித்தான் உக்காருறாங்க. சிரிச்சா இப்படி வாய மூடிக்கிறாங்க. கேட்டேன், இந்த வேலைக்கு வந்தா இப்படித்தான் செய்யணும்னு சொல்லித் தந்தாங்களாம்."

 பெயரைக்கூட நான் கேட்டறியாத அம்மாவின் அக்கா, போட்டோவில்கூட முகம் தங்காதவள், அங்கே ஒரு வேலைக்கான விதியாகிவிட்டாள். இனி யார் யாரோ வருவார்கள், சம்பளத்துக்கு அவளாக உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"பாட்டி, நீ வந்து பாக்குறியா?" என்று மகள் கேட்டாள். நான் மேசைக்கடியில் அவள் காலை மிதிப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

"எதுக்கு?" என்றாள் அம்மா. "அங்க யாரு இருக்கா?"

சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவப் போனாள்.